கிராமத்துப் பிள்ளைகள் இங்கிலீஷில் வாய் திறக்காததற்குக் கூச்சம்தான் காரணமா?

கேள்வி – 17 ஜூன் 2023

எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் சனிக்கிழமைகளில் நாலாவது, ஐந்தாவது பிள்ளைகளுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன். எழுதச் சொன்னால் எழுதுகிறார்கள். எல்லோரும் சேர்ந்து சொல்லச் சொன்னால் கூரை அதிர்கிறது. தனியாக எழுப்பி ஒரே ஒரு வாக்கியம் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கூச்சம் அதிகம், அதைப் போக்கிவிட்டால் பேச்சு தானாக வந்துவிடும் என்பது என் கட்சி. அதைப் போக்க என்ன செய்யலாம்?

17 ஜூன் 2023, இரவு 10.20

கூச்சம் என்று எனக்குத் தோன்றவில்லை. இதே பிள்ளைகளை இன்டர்வலில் கொஞ்சம் கவனியுங்கள். சுவரில் பட்டு வந்த பந்தைப் பிடித்தால் அவுட்டா இல்லையா என்று அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். 'மிஸ், இவன் கிள்றான் மிஸ்' என்று ஒருத்தி ஓடிவருவாள், அவள் பின்னாலேயே கிள்ளியவனும் தன் தரப்பைச் சொல்ல ஓடிவருவான். கூச்சப்படுகிற கூட்டமா இது?

நான் 2021 அக்டோபரில், கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட அரசு இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தவள், அதற்கு முன்னால் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் எடுத்தேன். இப்போது மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு ஒன்றாவதிலிருந்து எட்டாவது வரை கலந்துகட்டி வருகிறார்கள். எல்லா இடத்திலும் நான் பார்த்தது ஒன்றுதான். பேச அங்கே எதுவும் இல்லாததால்தான் பிள்ளை பேசாமல் நிற்கிறது. பேனாவை உயர்த்திப் பிடித்து 'வாட் இஸ் திஸ்?' என்கிறோம். அது பேனா என்று நமக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், நமக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். அப்புறம் எதற்குக் கேட்கிறார்கள்? பரீட்சை வைக்கிறார்கள் என்று புரிந்துகொள்கிறான். பரீட்சை என்றால் தப்பு வரும், தப்பு வந்தால் நாலு பேர் சிரிப்பார்கள், அதற்குத் தானே முந்திச் சிரித்துவிட்டால் தேவலை. நீங்கள் கூச்சம் என்று பார்ப்பது இந்தக் கணக்கைத்தான்.

17 ஜூன் 2023, இரவு 10.45

ஒன்று விட்டுப்போச்சு. உங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே இங்கிலீஷ் பேசுகிறார்கள். வாசலில் நின்று 'மே ஐ கம் இன் மிஸ்' என்று கேட்காத பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? முழுக் கேள்வி வாக்கியம், துணைவினை எழுவாய்க்கு முன்னால் வந்திருக்கிறது, ஒன்றாவது படிக்கிற குழந்தை மூச்சுவிடாமல் சொல்கிறது. யாரும் அதற்கு இலக்கணம் நடத்தவில்லை. சொன்னால் உள்ளே வரலாம், சொல்லாவிட்டால் வெளியே நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

19 ஜூன் 2023, காலை 6.30

எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதே வகுப்பறையில், அதே நிமிஷத்தில் ஒரு காரியம் நடத்தித்தரும் வாக்கியமாகப் பாருங்கள். 'கேன் ஐ ஹேவ் எ பென்சில்?' 'ஐ டோன்ட் ஹேவ் எ ரப்பர்.' 'கிவ் மீ தி ரெட் ஒன்.' 'இட் இஸ் மை டர்ன்.' 'ஐ ஹேவ் ஃபினிஷ்ட்.' 'சே இட் அகெய்ன் மிஸ்.' இதில் கடைசியில் இருப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. புரியவில்லை என்று சொல்லத் தெரிந்த பிள்ளை முழிக்கத் தேவையில்லை.

வாரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். ஒரு பெட்டியில் கலர் பென்சில், கத்தரிக்கோல், பசை எல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும். படம் வரையச் சொல்லுங்கள். இங்கிலீஷில் கேட்டால் உடனே கிடைக்கும். தமிழில் கேட்டால்? அப்போதும் கொடுத்துவிடுங்கள், கொடுக்கும்போது அந்த வாக்கியத்தை நீங்கள் ஒரு தரம் சொல்லுங்கள். இங்கிலீஷில் கேட்டால்தான் தருவேன் என்று பென்சிலைப் பின்னால் ஒளிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. அந்தப் பிள்ளைக்குப் படமும் போச்சு, பாஷையும் போச்சு.

19 ஜூன் 2023, காலை 6.38

ரப்பர் என்று சொல்லலாமா, இரேசர் என்று சொல்லவேண்டுமா என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: ரப்பர்.

2 ஜூலை 2023, இரவு 9.15

நீங்கள் பென்சில் பெட்டியை வைத்துப் பார்த்ததாகவும், நன்றாகப் போனதாகவும், ஆனால் அதே ஆறேழு பிள்ளைகள்தான் கேட்கிறார்கள், மற்றவர்கள் பக்கத்தில் இருப்பவனை விட்டுக் கேட்கவைக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல தந்திரம், நான் அந்தப் பிள்ளைகளைப் பாராட்டுவேன். தரகு வைத்துக் கேட்டாலும் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

பேசாதவர்களைக் கொஞ்ச நாள் பேசவைக்கவே வேண்டாம். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்கர் 1960-களில் ஒரு முறை கொண்டுவந்தார். ஆசிரியர் கட்டளை சொல்வார், பிள்ளைகள் உடம்பால் செய்துகாட்டுவார்கள், வாய் திறக்கவேண்டியதில்லை. 'ஸ்டாண்ட் அப்', 'டச் தி டோர்', 'வாக் டு தி விண்டோ அண்ட் ஜம்ப்'. தாய்மொழியையும் குழந்தை அப்படித்தான் முதலில் கேட்டுக் கேட்டுச் செய்கிறது, பேச்சு பின்னால் வருகிறது என்பது அவர் வாதம். வாதம் முழுக்கச் சரியா என்பது வேறு விஷயம், எங்கள் திண்ணையில் நடக்கிறது. கொஞ்ச நாளில் அவர்களே ஆசிரியராக நின்று மற்றவர்களுக்குக் கட்டளை போட ஆசைப்படுகிறார்கள். அதிகாரம் கிடைக்கிறது என்றால் எந்த மொழியாக இருந்தாலும் பேசலாம் போலிருக்கிறது. ஒரு சின்னப் பெண், வீட்டில் நாலு அண்ணன்களுக்குக் கீழே பிறந்தவள், 'சிட் டவுன்! ஸ்டாண்ட் அப்! சிட் டவுன்!' என்று எட்டாவது படிக்கும் தடியன்களை ஆட்டிவைத்ததை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

9 ஜூலை 2023, மதியம் 3.00

பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சொல்லும் புகாரை வைத்து இங்கிலீஷ் பேசவைப்பதை விரிவாகக் கேட்டார்கள், அதனால் இது கொஞ்சம் நீளும்.

பிள்ளைகள் வாழ்க்கையில் மிக அவசரமாகவும் உணர்ச்சியோடும் வரும் பேச்சு புகார்தான். மிட்டாயை விட முக்கியம் அது. எனவே ஒரு பீரியட் மட்டும், பெட்டி திறந்திருக்கும் நேரத்தில், புகார்களை இங்கிலீஷிலும் வாங்கிக்கொள்வேன் என்று அறிவித்தேன். கவனியுங்கள், இங்கிலீஷில் மட்டும் என்று சொல்லவில்லை. நிஜமான அடிதடி என்றால் தமிழில் உடனே வரவேண்டும், அதில் விளையாட்டே கிடையாது. மற்றபடி சில்லறைப் புகார்களுக்கு இங்கிலீஷில் வந்தால் முன்னுரிமை, வரிசையில் முந்தலாம்.

கரும்பலகையில் மூன்று வரி எழுதிப்போட்டேன்: ஹி டுக் மை பென்சில். ஷி ஹிட் மீ. ஹி இஸ் நாட் கிவிங் மை புக். முதல் வாரம் இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வந்தன, பென்சில் இல்லாதவர்கள்கூடப் பென்சில் போச்சு என்றார்கள். அப்புறம் பலகையில் இல்லாதது தேவைப்பட ஆரம்பித்தது. கிழித்துவிட்டான் என்பதற்கு என்ன மிஸ்? தள்ளிவிட்டாள் என்பதற்கு? பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறான் என்பதற்கு? டோர், புஷ்ட், காலிங் நேம்ஸ் எல்லாம் இப்படித்தான் உள்ளே வந்தன. இறந்தகால வினை என்று நான் ஒரு நாளும் பலகையில் தலைப்பு எழுதவில்லை, புகார் என்றால் பெரும்பாலும் நடந்துமுடிந்த காரியம் என்பதால் இறந்தகாலம் தானாக அமைந்துவிடுகிறது.

எதிர்த்தரப்பு வாதம் இன்னும் நல்லது. 'ஷி ஹிட் மீ' என்றான் ஒருவன். அவள் யோசித்து, 'ஹி ஹிட் ஃபர்ஸ்ட்' என்றாள். அந்த ஃபர்ஸ்டை அவளுக்கு நான் சொல்லித்தரவில்லை. ஓட்டப்பந்தயத்தில் கேட்ட சொல்லைக் கொண்டுவந்து தன் வழக்குக்குச் சாட்சியாக நிறுத்திவிட்டாள். இதைவிடப் பெரிய மொழிப்பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

பொய்ப் புகார் பெருகுகிறது என்று ஒரு அம்மா வந்து குறைப்பட்டார். உண்மைதான். பொய் சொல்ல அதிக இங்கிலீஷ் வேண்டும் என்று அவரிடம் சொல்ல முடியவில்லை, இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

9 ஜூலை 2023, மாலை 5.10

மேலே எழுதியதை நாற்பது ஐம்பது பேர் உள்ள வகுப்பில் அப்படியே செய்யாதீர்கள். என் திண்ணையில் சமாளிக்கலாம், பெரிய வகுப்பில் சந்தை ஆகிவிடும். அங்கே குழுவுக்கு ஒரு நீதிபதி போடுங்கள், நீதிபதி கேட்டு உங்களிடம் சொல்லட்டும்: 'மிஸ், குமார் டுக் செல்விஸ் ஸ்கேல்.' அவனுக்கு இரட்டை வேலை. (பெயர்கள் சும்மா.)

23 ஜூலை 2023, இரவு 11.05

'ஐ ஆம் கோ டு ஸ்கூல்', 'ஐ ஆம் ஹேவ் எ பிரதர்', 'ஐ ஆம் நோ பென்சில்' என்று எல்லாவற்றுக்கும் ஆம் போடுகிறார்கள், எப்படித் திருத்துவது என்று கேட்டவருக்கு.

இது நம் கைங்கரியம். ஒன்றாவதிலிருந்து 'ஐ ஆம் எ பாய்', 'ஐ ஆம் எ கேர்ள்', 'ஐ ஆம் இன் ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்டு' என்று மட்டுமே நான் என்ற சொல்லை அறிமுகப்படுத்துகிறோம். பிள்ளையின் காதில் அது இரண்டு சொல்லாக விழவில்லை, 'ஐயாம்' என்று ஒரே சொல்லாக விழுகிறது. தமிழில் 'நான் ராணி' என்றால் முடிந்தது, நடுவில் வினை எதுவும் கிடையாது, அதனால் ஆம் என்ற துண்டுக்குத் தனி வேலை இருப்பதாகச் சந்தேகப்படவே அதற்குக் காரணம் இல்லை. ஐயாம் என்றால் நான், முடிந்தது கதை. அதை வைத்துப் பார்த்தால் 'ஐயாம் கோ' கச்சிதமான வாக்கியம், பிள்ளை விதியைச் சரியாகத்தான் பின்பற்றுகிறது.

திருத்தம் என்று தனியாக ஒன்றும் வேண்டாம், ஆம் வராத நான்-வாக்கியங்களை நிறையக் காதில் போடுங்கள். ஐ வான்ட், ஐ ஹேவ், ஐ கேன், ஐ லைக், ஐ ஸா. பென்சில் பெட்டிக்கும் புகாருக்கும் இவைதான் வேண்டும். தப்பாகச் சொன்னால் நிறுத்தாமல், 'ஓ, யூ கோ டு ஸ்கூல் பை பஸ்? ஐ கோ பை சைக்கிள்' என்று பேச்சோடு பேச்சாகச் சரியான வடிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

'ஹி கோ', 'ஷி ஈட்' என்று எஸ் விடுவதற்கு அடுத்த ஆறு மாதம் கவலையே வேண்டாம். 1970-களில் அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் குழந்தைகளையும் சீனம் பேசும் குழந்தைகளையும் வைத்து ஆராய்ந்தபோது, தாய்மொழி வேறாக இருந்தும் இரு கூட்டமும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் இங்கிலீஷ் துணுக்குகளைப் பிடித்தார்கள். 'கோயிங்', 'ஈட்டிங்' என்பதில் உள்ள ஐஎன்ஜி சீக்கிரம் வருகிறது, அந்த எஸ் கடைசிப் பக்கம்தான் வருகிறது. நம் பாடப்புத்தகங்களோ அதை ஆரம்பத்திலேயே போட்டு, பயிற்சியில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி, சிவப்பு மையில் வட்டம் போடுகின்றன.

24 ஜூலை 2023, காலை 7.00

ஆறு மாதம் என்று சொன்னது ஒரு பேச்சுக்கு. எட்டாவது படிப்பவர்களே விடுகிறார்கள்.

13 ஆகஸ்ட் 2023, இரவு 9.50

புள்ளிவிவரம் கேட்டவருக்கு: பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் ஏசர் ஆய்வின் 2022 அறிக்கையின்படி கிராமப்புற இந்தியாவில் ஐந்தாவது படிக்கும் பிள்ளைகளில் எளிய இங்கிலீஷ் வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 24.5 சதவீதம். 2016-ல் அது 24.7. அதாவது இடையில் கொரோனா வந்து பள்ளியெல்லாம் மூடிக் கிடந்தும் பெரிதாக இறங்கவில்லை, இறங்குவதற்கு அங்கே உயரம் இல்லை. ஆனால் இது வீடு வீடாகப் போய் அட்டையைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லும் கணக்கு. பேச்சை அது அளப்பதே இல்லை. நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இங்கிலீஷ் தாளுக்கு நூறு மதிப்பெண்ணும் எழுத்துக்குத்தான், வாய்க்கு ஒன்றுகூட இல்லை. தேர்வில் கேட்காததை ஆசிரியர் ஏன் நடத்தவில்லை என்று கோபப்படுவது எனக்குப் புரியவில்லை, அவருக்கும் ரிசல்ட் கேட்கிற மேலதிகாரி இருக்கிறார்.

20 ஆகஸ்ட் 2023, மாலை 4.20

'பயிற்சி கொடுத்தால் ஆசிரியர்கள் மாறுவார்கள்' என்று ஒருத்தர் சொல்கிறார். சார், இது பழைய கதை. 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் இதே சென்னை மாநிலத்தில் தொடக்க நிலையில் இங்கிலீஷ் நடத்தும் 27,000 ஆசிரியர்களுக்குப் புது முறையைச் சொல்லித்தர ஒரு பெரிய இயக்கம் நடந்தது. சிலருக்குச் சொல்லித்தருவது, அவர்கள் போய்ப் பலருக்கு, அந்தப் பலர் போய் இன்னும் பலருக்கு. உருள உருளப் பெரிதாகும் என்று அதற்குப் 'பனிப்பந்து' என்று பெயர் வைத்தார்கள். பனியே விழாத ஊரில் பனிப்பந்து! இன்றைக்கும் மாநிலக் கருத்தாளர், மாவட்டக் கருத்தாளர், வட்டாரக் கருத்தாளர் என்று அதே வழிதான், பெயர் மட்டும் மாறியிருக்கிறது. கடைசி ஆசிரியரிடம் வந்து சேரும்போது மிஞ்சுவது ஒரு பவர்பாயின்ட் படக்காட்சியும் மதியச் சாப்பாடும்.

அதற்காக எல்லாத் திட்டமும் வீண் என்று சொல்லவரவில்லை. 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வரைக்குத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரிக்கிறார்கள், வயதை வைத்துப் பிரிப்பதில்லை. அது நல்ல யோசனை. எழுத்துக்கூட்டி வாசிப்பதில் மலராக இருக்கும் பெண் பேச்சில் அரும்பாகவே இருக்கிறாள் என்பதையும் யாராவது குறித்துக்கொண்டால் தேவலை. தலைகீழாகவும் உண்டு. ஏபிசிடி தெரியாமல், அப்பாவோடு லாரியில் போய்ப் பழகி, 'ஸ்டாப் ஸ்டாப்', 'ரைட் கோ', 'டீசல் ஃபுல்' என்று அதட்டும் ஒரு பையன் எனக்கு இருக்கிறான்.

10 செப்டம்பர் 2023, இரவு 10.00

வகுப்பில் தமிழே பேசக்கூடாது, பேசினால் அபராதம், அப்போதுதான் வரும் என்று அடித்துச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒட்டாது. நான் வேலை பார்த்த இடத்தில் அபராதம் இருந்தது. ஒரு வகுப்பே அமைதியாகிவிட்டது, அதைப் பார்த்து நிர்வாகம் ஒழுக்கம் கூடியிருக்கிறது என்று மகிழ்ந்தது.

கதையோ சண்டையோ முதலில் தமிழில் முழுக்க நடக்கட்டும். யார் யாரிடம் என்ன கேட்டார்கள், ஏன் மறுத்தார்கள் என்பது தெரிந்துவிட்டால், இங்கிலீஷில் சொல்லும்போது பிள்ளைக்குப் பாதி பாரம் குறைந்துவிடுகிறது, சொல்லை மட்டும் தேடினால் போதும்.

1 அக்டோபர் 2023, காலை 8.40

காலாண்டு விடுமுறை, ஆகவே நேரம் இருக்கிறது. இங்கிலீஷ் கற்பிக்கும் முறையை ஆராய்ந்த என்.எஸ்.பிரபு பற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த பிரபு, 1979-லிருந்து 1984 வரை தென்னிந்தியாவில் சில சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். பெங்களூர் திட்டம் என்று உலகம் முழுக்க இன்றைக்கும் பேசுகிறார்கள், நம் பக்கத்தில்தான் அதிகம் பேசுவதில்லை. இலக்கண வரிசைப்படி பாடம் கிடையாது. ரயில் நேர அட்டவணை, ஊர் வரைபடம், இப்படி ஒன்றைக் கொடுத்து ஒரு கணக்குப் போலத் தீர்க்கச் சொல்வார்கள். இந்த ரயிலைப் பிடிக்க எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும், அது தவறினால் அடுத்தது எது? ஆசிரியர் முதலில் இதே மாதிரி ஒன்றை வகுப்போடு சேர்ந்து பேசிப் பேசித் தீர்ப்பார், பிறகு பிள்ளைகள் தனியாக இன்னொன்றைத் தீர்ப்பார்கள். விடை சரியா என்பதுதான் கேள்வி, வாக்கியம் சரியா என்பது அல்ல. புத்தி காரியத்தில் இருக்கும்போது மொழி பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும் என்று அவர் நம்பினார்.

நான் இதை எங்கள் ஊர் டவுன் பஸ்ஸை வைத்துச் செய்தேன். காலையில் எத்தனை மணிக்கு வரும், ஸ்கூல் பெல் எத்தனை மணிக்கு, நடந்தால் எவ்வளவு நேரம், பஸ் வராவிட்டால் என்ன செய்வாய். கடைசிக் கேள்விக்குத்தான் பதில்கள் குவிந்தன, அது அனுபவம். 'பஸ் நோ கம், ஐ கோ ஹோம்' என்றான் ஒருவன். விடை சரி, முழு மதிப்பெண்.

ஒரு இடத்தில் பிரபுவோடு முரண்படுகிறேன். பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து ஒருவரோடொருவர் பேசவிடுவதில் அவருக்கு விருப்பம் இல்லை. அரைகுறை இங்கிலீஷைக் கேட்டு அரைகுறையே கெட்டிப்பட்டுவிடும் என்று பயந்தார். ஆசிரியரின் இங்கிலீஷ் நன்றாக இருக்கும் இடத்தில் அது நியாயம். எங்கள் பக்கத்தில் ஆசிரியருக்கே தயக்கம் இருக்கிறது, அவரும் பிள்ளைகளோடு சேர்ந்து தடுமாறிப் பேசினால்தான் வகுப்பு நடக்கும். கெட்டிப்படுவதைப் பற்றிக் கவலைப்பட முதலில் ஏதாவது இருக்கவேண்டுமே.

1 அக்டோபர் 2023, காலை 9.05

கேட்டுவிட்டுக் காத்திருப்பது பற்றியும் ஒரு வார்த்தை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கப் பேராசிரியை 1970-களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார், அதற்குள் அடுத்தவனிடம் தாவுகிறார் அல்லது தானே சொல்லிவிடுகிறார். மூன்று விநாடி பொறுத்தால் பதில் நீள்கிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். அது அவர்கள் சொந்த மொழியில் நடந்த அறிவியல் வகுப்பு. தமிழில் யோசித்து இங்கிலீஷுக்குப் போய்த் திரும்ப வேண்டிய நம் பிள்ளைக்கு மூன்று போதாது. மனசுக்குள் பத்து எண்ணுங்கள், வேறெங்காவது பார்த்துக்கொண்டு. முறைத்துப் பார்த்தபடி காத்திருந்தால் அது காத்திருப்பு ஆகாது.

5 நவம்பர் 2023, இரவு 8.30

பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) பார்வைக்கு வந்தபோது பிள்ளைகள் ஒன்றுமே சொல்லவில்லை, ஹெச்.எம். முகம் சுண்டிப்போச்சு என்று எழுதியிருந்தீர்கள். என்ன கேட்டார் என்று பார்த்தேன். 'வாட் இஸ் யுவர் ஃபாதர்?'

வருகிற பெரியவர்கள் எல்லோரும் ஏன் இதையே கேட்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா இல்லாத பிள்ளை இருக்கும், செங்கல் சூளையில் இருப்பார், குடித்துவிட்டு வீட்டுப் பக்கமே வராதவர் இருப்பார், கூலி வேலை என்று சபையில் சொல்ல மனசு வராத பெண் இருப்பாள். டாக்டர், ஃபார்மர், போலீஸ்மேன் என்று புத்தகத்தில் இருக்கும் பட்டியலில் தன் அப்பா இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தமிழில் கேட்டிருந்தாலும் தலையைக் குனிந்துதான் நின்றிருப்பாள், இங்கிலீஷின் மேல் பழி போடாதீர்கள். அடுத்த முறை வருபவரிடம் ஹெச்.எம். முன்கூட்டியே மெல்லச் சொல்லிவைக்கலாம்: பிள்ளைகளை உங்களிடம் கேள்வி கேட்கவிடுங்கள் சார். 'டூ யூ ஹேவ் எ டாக்?' 'கேன் யூ ஸ்விம்?' அதிகாரிக்கு நீச்சல் தெரியாது என்று தெரிந்தால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

26 நவம்பர் 2023, இரவு 9.30

ஜூனில் கூச்சமே இல்லை என்று அடித்துப் பேசினேன். சின்னப் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஏழாவது, எட்டாவது வேறு உலகம், அதையும் சொல்லவேண்டும். மீசை அரும்புகிற வயதில் பையனுக்கு நண்பர்கள் முன்னால் ஒரு எழுத்து பிசகினால் அது பட்டப்பெயராகி வருஷக்கணக்கில் நிற்கிறது. வயசுக்கு வந்த பெண்கள் தமிழிலேயே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், சத்தமாகப் பேசாதே என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இங்கே பெட்டியும் புகாரும் எடுபடாது, குழந்தை விளையாட்டு என்று ஒதுங்குவார்கள்.

சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை இவர்களிடம் கொடுத்தால் எடுபடுகிறது. மூன்றாவது படிக்கும் பிள்ளைக்கு முன்னால் பிசகினால் யாரும் சிரிப்பதில்லை, பிசகு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிவதும் இல்லை. இன்னொன்று போன். கூகுளின் ரீட் அலாங் செயலியில் கதையைச் சத்தமாக வாசித்தால் அது கேட்டுக்கொண்டே வந்து தடுக்கிய சொல்லைத் திரும்பச் சொல்லவைக்கும். இல்லம் தேடிக் கல்வியிலும் 2022-ல் அதை வைத்து வாசிப்பு மாரத்தான் நடத்தினார்கள். அது வாசிப்புதான், பேச்சு ஆகாது. ஆனால் தன் குரலில் இங்கிலீஷ் வெளியே வருவதைப் பையன் முதல்முறை கேட்பது அங்கேதான், மெஷின் போய் யாரிடமும் சொல்லாது. அப்பாவின் போன் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறது, அதில் டேட்டா தீர்ந்திருக்கிறது என்பதெல்லாம் தனிக் கதை.

14 ஜனவரி 2024, மதியம் 12.15

'எதற்குப் பேச்சு, வாசிக்கத் தெரிந்தால் போதாதா' என்று கேட்டவர் சும்மா கேட்கவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய மைக்கேல் வெஸ்ட் இதையேதான் வாதாடினார். நிறையப் பிள்ளைகள் நடுவில் நின்றுவிடுகிறார்கள், நிற்கும் அன்றைக்குக் கையில் மிஞ்சுவது என்ன என்று பார்க்கவேண்டும், வாசிப்பு மிஞ்சும், அரைகுறைப் பேச்சு மிஞ்சாது என்றார். இன்சூரன்ஸ் பாலிசியை நடுவில் சரண்டர் செய்தால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பது போன்ற கணக்கு.

அவர் காலத்துக்குச் சரி. இன்றைக்கு எங்கள் ஊரில் பத்தாவதில் யாரும் சும்மா நிற்பதில்லை, டிப்ளமோ, டிகிரி என்று போய்விடுகிறார்கள். முதல் தலைமுறையாக டிகிரி முடித்த பிள்ளை இன்டர்வியூவில் 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்ற கேள்விக்கு மனப்பாடம் செய்த நாலு வரியைச் சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியில் நின்றுவிடுகிறது. எழுத்தில் அந்தப் பிள்ளை தேறியதுதான். எனவே வாசிப்பை எடுத்துவிட்டுப் பேச்சை வைக்கச் சொல்லவில்லை. தினம் பத்து நிமிஷம், பெட்டியோ பஸ்ஸோ புகாரோ ஏதோ ஒன்று.

14 ஜனவரி 2024, மதியம் 12.20

போகிப் புகையில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

18 பிப்ரவரி 2024, இரவு 10.10

ஆண்டு விழாவுக்கு இங்கிலீஷ் ஸ்பீச் வேண்டும் என்று ஹெச்.எம். நிற்கிறார், 'ரெஸ்பெக்டட் டீச்சர்ஸ் அண்ட் மை டியர் ஃப்ரெண்ட்ஸ்' என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார், என்ன செய்வது என்கிறீர்கள். ஸ்பீச்சை மறுக்காதீர்கள், பெற்றோருக்கும் அது வேண்டும், ஒரு பிள்ளை சொல்லிவிட்டுப் போகட்டும். அதன் கூடவே ஐந்து நிமிஷ நாடகம் ஒன்றுக்கு அனுமதி கேளுங்கள். டவுன் பஸ்ஸில் சில்லறைத் தகராறு. 'கிவ் மீ சேஞ்ச்.' 'ஐ டோன்ட் ஹேவ் சேஞ்ச்.' 'யூ டுக் மை மணி.' 'மூவ் இன்சைட், மூவ் இன்சைட்.' 'திஸ் இஸ் மை சீட்.' இதுவரை பழகிய வாக்கியங்கள்தான், யாராவது மறந்தாலும் வேறொன்றைச் சொல்லிச் சமாளிக்கலாம், சண்டை நிற்காது. எழுதிக்கொடுக்க வேண்டாம். யாருக்கு யாரோடு தகராறு என்று மட்டும் முடிவு செய்துவிட்டு அவர்களை விட்டுவிடுங்கள், மூன்று ஒத்திகையில் நீங்கள் நினைக்காத வசனமெல்லாம் வந்து சேரும்.

கண்டக்டர் வேஷத்துக்கு அடிதடி நடக்கும், இப்போதே சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடுங்கள். விசில் ஒன்றுதான் இருக்கவேண்டும், அதை ஒத்திகை முடிந்ததும் நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.